ஆறெழுத்தைத் தேடி வெட்டும் நொதிகள்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் மைக்ரோபிப்பெட்டைப் பிடித்துப் பழகும் சோதனைகளில் இது ஒன்று: பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் டிஎன்ஏவை ‘ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்’ கொண்டு வெட்டி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிட்டு, பட்டைகளை எண்ணுவது. தமிழ்ப் பாடநூல்கள் அதைத் தடைகட்டு நொதி என்கின்றன. சோதனைத்தாளில் விதிகள் வரிசையாக இருக்கும். நொதியை ஐஸில் வை, கடைசியில் சேர், குலுக்காதே, மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதே, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வை. இவற்றை மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு உதவும், சோதனை கெடும்போது உதவாது. இந்த நொதி ஒரு பாக்டீரியாவுக்குள் எதற்காக இருக்கிறது, டிஎன்ஏவை எப்படிப் பிடித்து வெட்டுகிறது என்று தெரிந்துகொண்டால், விதிகளுக்கான காரணம் பெரும்பாலும் தானாக விளங்கிவிடும்.

பெயரில் உள்ள ‘தடை’ யாருக்கு?

வைரஸுக்கு. பாக்டீரியாக்களையும் வைரஸ்கள் தாக்கும். 1950களின் தொடக்கத்தில் சால்வடோர் லூரியா, ஜூசெப்பே பெர்டானி, ஜீன் வைகிள் முதலியோர் ஒரு விந்தையைக் கவனித்தார்கள். ஒருவகை பாக்டீரியாவில் செழித்துப் பெருகிய வைரஸ், வேறொரு வகைக்குள் நுழைந்ததும் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. தப்பிப் பிழைத்த சொற்ப வைரஸ்களின் வாரிசுகளோ அதே பாக்டீரியாவில் எந்தத் தடையுமின்றிப் பெருகின. 1960களில் வெர்னர் ஆர்பர் இதற்கு விளக்கம் தந்தார். பாக்டீரியாவிடம் இரண்டு நொதிகள் சோடியாக இருக்கின்றன. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் தொடர்; ஒரு நொதி அதில் குறிப்பிட்ட எழுத்துவரிசையைக் கண்டால் வெட்டும். மற்றொன்று அதே எழுத்துவரிசையில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குழுவை ஒட்டி, ‘இது நம் வீட்டுப் பொருள்’ என்று குறியிடும். குறியில்லாத டிஎன்ஏ வந்தால் அந்நியன் என்று பொருள். தப்பிய வைரஸ்களின் வாரிசுகள் வெட்டுப்படாததற்கும் காரணம் இதுதான்: வெட்டுக்கு முன்பே தற்செயலாக அவற்றுக்கும் குறி விழுந்துவிட்டது.

பாக்டீரியா தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது என்ன ஆகும் என்று கேட்கலாம். டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது; படியெடுத்ததும் புதிய இழையில் குறி இராது, பழைய இழையில் இருக்கும். ஓர் இழையில் குறி இருந்தாலே பொதுவாகப் பாதுகாப்புக் கிடைத்துவிடும். அதற்குள் குறியிடும் நொதி புதிய இழைக்கும் வந்துசேரும்.

1970இல் ஹாமில்டன் ஸ்மித்தின் குழு, குறிப்பிட்ட இடத்திலேயே வெட்டும் நொதி ஒன்றை ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டு டேனியல் நேத்தன்ஸ், கேத்லீன் டான்னாவுடன் சேர்ந்து, அதைக் கொண்டு எஸ்வி40 என்ற குரங்கு வைரஸின் டிஎன்ஏவை 11 துண்டுகளாக்கிக் காட்டினார். ஆர்பர், நேத்தன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபெல் பரிசு கிடைத்தது.

நொதிகளின் பெயர்கள் வாயில் நுழையாதவைபோலத் தோன்றினாலும் முறையானவை. ‘ஈகோஆர்-1’ என்பதில் ‘ஈ’ எஷெரிக்கியா என்ற பேரினம், ‘கோ’ கோலை என்ற சிற்றினம், ‘ஆர்’ ஆர்ஒய்13 என்ற வகை, ‘1’ அந்த வகையில் கண்டறியப்பட்ட முதல் நொதி. ‘ஹிண்ட்-3’ ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சேவின் டி வகையிலிருந்து வந்த மூன்றாவது.

மாலைமாற்று, ஆனால் வேறுவிதம்

ஈகோஆர்-1 தேடும் எழுத்துவரிசை ஜி-ஏ-ஏ-டி-டி-சி. டிஎன்ஏவில் ‘ஏ’வுக்கு எதிரே ‘டி’, ‘ஜி’க்கு எதிரே ‘சி’ என்றே சோடி சேரும். இரண்டு இழைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் இப்படி வரும்:

ஜி ஏ ஏ டி டி சி
சி டி டி ஏ ஏ ஜி

தமிழில் மாலைமாற்று என்றதும் ‘விகடகவி’ நினைவுக்கு வரும். திருப்பிப் படித்தாலும் அதே சொல். டிஎன்ஏவில் அந்தக் கணக்கு பொருந்தாது, பலர் தடுமாறுவதும் இங்குதான். மேல்வரியை மட்டும் வலமிருந்து இடமாகப் படித்தால் சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்று வேறு சொல் வருகிறது. ஆனால் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. கீழ்வரியை அதற்குரிய திசையில், அதாவது வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள்: ஜி-ஏ-ஏ-டி-டி-சி. இரண்டு இழைகளிலும் ஒரே சொல்.

இதற்குக் காரணம் நொதியின் வடிவம். ஈகோஆர்-1 ஒற்றை மூலக்கூறாக வேலை செய்வதில்லை. ஒரே மாதிரியான இரண்டு பாதிகள் கைகோத்து டிஎன்ஏவை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு பாதியும் தன் பக்கத்து இழையில் அதே சொல்லைப் படித்து, அதே இடத்தில் வெட்டுகிறது. எல்லா நொதிகளும் இப்படி இல்லை. ஆய்வகத்தில் அன்றாடம் புழங்கும் இரண்டாம் வகையில் பெரும்பாலானவை இப்படி. முதல் வகை நொதிகள் தாம் அடையாளம் கண்ட இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி வெட்டுபவை என்பதால் வெட்டும் கருவியாகப் பயன்படுவதில்லை.

ஈகோஆர்-1 ஒவ்வோர் இழையிலும் ‘ஜி’க்கும் அடுத்த ‘ஏ’வுக்கும் நடுவில் வெட்டும். வெட்டு நேர்க்கோட்டில் விழாமல் படியாக விழுவதால், ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-டி-டி என்ற நான்கு எழுத்து சோடியில்லாமல் தொங்கும். இதுவே ஒட்டும் முனை. ஈகோஆர்-1 வெட்டிய எந்த முனையும் ஈகோஆர்-1 வெட்டிய வேறெந்த முனையோடும் பொருந்தும், ஒன்று தவளையுடையதாகவும் மற்றொன்று மனிதனுடையதாகவும் இருந்தாலும். ஸ்மா-1 நொதியோ சி-சி-சி-ஜி-ஜி-ஜி என்ற சொல்லை நட்டநடுவில் நேராக வெட்டி மழுங்கிய முனையை விடும். மழுங்கிய முனை எந்த மழுங்கிய முனையோடும் சேரும், ஆனால் ஒட்டுவது கடினம்.

வெட்டுவதற்கு நொதிக்கு மெக்னீசியம் தேவை. மெக்னீசியத்தின் துணையோடு ஒரு நீர் மூலக்கூறு டிஎன்ஏவின் சர்க்கரை–பாஸ்பேட் முதுகெலும்பைத் துண்டிக்கிறது. பாஸ்பேட் ஒரு முனையில் அப்படியே தங்கிவிடுவதால், லிகேஸ் என்ற ஒட்டும் நொதியால் அந்த வெட்டைத் திரும்ப இணைக்க முடியும். இந்த ஒரு வேதி உண்மை இல்லாவிட்டால் மரபணுப் பொறியியலே இல்லை.

எத்தனை இடத்தில் வெட்டும்?

நான்கு எழுத்து, ஆறு இடம். நான்கை ஆறு முறை பெருக்கினால் 4,096. எழுத்துகள் தாறுமாறாகக் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால், ஆறெழுத்து நொதி சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வெட்டும். நான்கெழுத்து நொதியான ஹே-3 256 எழுத்துக்கு ஒருமுறை. எட்டெழுத்து நொதியான நாட்-1 65,536 எழுத்துக்கு ஒருமுறை. பொடியாக வேண்டுமா, பெரிய துண்டுகளாக வேண்டுமா என்பதைப் பொறுத்து நொதியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

சராசரி சராசரிதான். லாம்டா டிஎன்ஏவின் நீளம் 48,502 எழுத்து. கணக்குப்படி ஈகோஆர்-1 ஏறக்குறைய 12 முறை வெட்ட வேண்டும்; உண்மையில் 5 முறையே வெட்டுகிறது. 21,226, 7,421, 5,804, 5,643, 4,878, 3,530 என ஆறு துண்டுகள் வரும். ஜெல்லில் ஐந்து பட்டைதான் தெரிகிறது என்று மாணவர்கள் பதறுவதுண்டு. 5,804உம் 5,643உம் ஏறக்குறைய ஒரே நீளமாதலால் சாதாரண ஜெல்லில் ஒன்றாக ஓடும். தவறு எதுவும் நடக்கவில்லை.

வெட்டும் முறை

20 மைக்ரோலிட்டர் வினைக்கு ஒரு நல்ல தொடக்கம்: தூய நீர் 14, பத்து மடங்கு செறிவுள்ள பஃபர் (நொதிக்கு ஏற்ற உப்பும் காரத்தன்மையும் தரும் கரைசல்) 2, மைக்ரோலிட்டருக்கு 200 நானோகிராம் உள்ள பிளாஸ்மிட் டிஎன்ஏ 3, கடைசியில் நொதி 1. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவில் தனியாக இருக்கும் சிறு வளைய டிஎன்ஏ. அடிப்பகுதியை விரலால் மெல்லச் சுண்டிக் கலந்து, மையவிலக்கியில் சில நொடி சுழற்றி, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். கலக்காமல் விட்டால் நொதி அடியில் தேங்கிவிடும், ஏனென்றால் அது கிளிசராலில் இருக்கிறது, கிளிசரால் நீரைவிடக் கனமானது. வோர்ட்டெக்ஸ் கருவியில் வைத்து ஆட்டினால் புரதம் சிதையும்.

நொதியைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம், பஃபர் இல்லாத வெறும் நீரில் அது எளிதில் நிலைகுலையும் என்பதே. பத்தில் ஒரு பங்கு விதி கிளிசராலிலிருந்து வருகிறது. மைனஸ் 20 டிகிரியில் உறையாமலிருக்க நொதியை 50 விழுக்காடு கிளிசராலில் விற்கிறார்கள். 20இல் 2 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்தால் கிளிசரால் 5 விழுக்காட்டை எட்டும். அதற்கு மேலே போனால் நொதி கண்டபடி வெட்டத் தொடங்கும். அதைப் பற்றிப் பிறகு.

எவ்வளவு நொதி வேண்டும்? ஒரு ‘யூனிட்’ என்பது பொதுவாக 1 மைக்ரோகிராம் லாம்டா டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டரில் ஒரு மணி நேரத்தில் முழுக்க வெட்டும் அளவு. இந்த வரையறையை அப்படியே பிளாஸ்மிட்டுக்குப் பொருத்துவது தவறு. பியூசி19 என்ற பிளாஸ்மிட்டின் நீளம் 2,686 எழுத்து. ஒரே எடைக்கு, லாம்டாவைவிட 18 மடங்கு மூலக்கூறுகள் அதில் உண்டு. லாம்டாவில் மூலக்கூறுக்கு 5 வெட்டிடம், இதில் 1. கணக்குப் போட்டால் வெட்டவேண்டிய இடங்கள் 3.6 மடங்கு. போதாக்குறைக்கு பிளாஸ்மிட் முறுக்கேறிச் சுருண்டிருப்பதால் சில நொதிகள் அதை மெதுவாகவே வெட்டும். ஆகவே மைக்ரோகிராமுக்கு 5 முதல் 10 யூனிட் போடுவதே நியாயம்.

எல்லா நொதிக்கும் 37 டிகிரி பொருந்தாது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து வந்த டாக்-1க்கு 65 டிகிரி. ஸ்மா-1க்கு 25 டிகிரி, 37இல் அது விரைவில் செயலிழக்கும். ‘அறை வெப்பநிலை’ என்று குறிப்பில் எழுதியிருந்தால் சிங்கப்பூரில் கவனம் வேண்டும். குளிரூட்டி நிறுத்திய அறை 30 டிகிரியைத் தொட்டுவிடும். 25 டிகிரிக்குக் கருவியை வைத்துச் செய்வதே நல்லது. நம் ஈரக்காற்றும் ஒரு தொல்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த குழாயின் வெளியே நொடியில் நீர் கோத்துக்கொள்ளும். திறக்கும்போது துளி உள்ளே போகும், மையால் எழுதிய பெயரும் அழியும். குழாயைத் துடைத்துவிட்டுத் திறங்கள். தானாக உறைபனி நீக்கும் வீட்டு வகை உறைபெட்டியில் நொதியை வைக்காதீர்கள். அது அவ்வப்போது சூடாவதால் சில மாதங்களில் நொதி செத்துவிடும்.

வேலை முடிந்ததும் பல நொதிகளை 65 அல்லது 80 டிகிரியில் 20 நிமிடம் வைத்துச் செயலிழக்கச் செய்யலாம். சில அதற்கு மசியா. தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தும் நிறுத்தலாம், அது மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுத்து லிகேஸ் போட வேண்டுமென்றால் இடிடிஏ வேண்டாம், லிகேஸுக்கும் மெக்னீசியம் தேவை.

ஒவ்வொரு முறையும் நொதிக்குப் பதில் நீர் சேர்த்த குழாய் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வெட்டாத பிளாஸ்மிட் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல், வெட்டியது வெட்டுப்பட்டதா என்று சொல்ல முடியாது. அதிலும் ஒரு பொறி உண்டு. வெட்டாத பிளாஸ்மிட் ஒரே பட்டையாக வருவதில்லை. முறுக்கேறிச் சுருண்டது கச்சிதமாக இருப்பதால் வேகமாக ஓடித் தன் நீளத்தைவிடச் சிறியதுபோல் தெரியும். ஓர் இழை மட்டும் அறுந்து தளர்ந்த வளையம் மெதுவாக ஓடிப் பெரியதுபோல் தெரியும். இரண்டு பட்டையைப் பார்த்ததும் ‘இரண்டு இடத்தில் வெட்டியிருக்கிறது’ என்று முடிவுகட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

கெடும்போது

எதுவுமே வெட்டுப்படவில்லை என்றால், நொதியைக் குறைசொல்லும் முன் டிஎன்ஏவைச் சந்தேகியுங்கள். அதே நொதியை லாம்டா டிஎன்ஏவில் போட்டுப் பாருங்கள். அதை வெட்டினால் நொதி நலம். பிளாஸ்மிட்டைச் சுத்தம் செய்தபோது தங்கிய ஆல்கஹாலோ உப்போ இடிடிஏவோ தடுத்துக்கொண்டிருக்கும்.

அதுவும் இல்லையென்றால் மெத்தில் குறி. பிளாஸ்மிட் வளர்ந்த ஈ.கோலை வகைகளில் பெரும்பாலானவை ஜி-ஏ-டி-சி என்ற சொல்லின் ‘ஏ’வில் மெத்திலை ஒட்டுபவை. பிசிஎல்-1 நொதியின் இலக்கான டி-ஜி-ஏ-டி-சி-ஏ-வுக்குள் அந்தச் சொல் முழுதாக இருப்பதால் அது வெட்டவே வெட்டாது. எக்ஸ்பிஏ-1க்கு அருகில் உள்ள எழுத்துகளைப் பொறுத்துச் சில இடங்களில் மட்டும் தடை விழும். மெத்திலிடும் மரபணு நீக்கப்பட்ட ஈ.கோலையில் பிளாஸ்மிட்டை வளர்த்தெடுத்தால் சிக்கல் தீரும். பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் பூட்டு நம் வேலைக்குக் குறுக்கே வருகிறது, அவ்வளவுதான்.

எதிர்பாராத கூடுதல் பட்டைகள் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அரைகுறை வெட்டு. மற்றொன்று, ‘ஸ்டார்’ செயல்பாடு எனப்படும் தறிகெட்ட வெட்டு: கிளிசரால் மிகுந்தால், உப்பு குறைந்தால், காரத்தன்மை கூடினால், மெக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு இருந்தால், நொதி மிகுந்து நேரமும் நீண்டால், ஈகோஆர்-1 நடுவில் ஏ-ஏ-டி-டி இருந்தாலே போதும் என்று வெட்டத் தொடங்கும். அரைகுறை வெட்டில் கூடுதல் பட்டைகள் எதிர்பார்த்த துண்டுகளைவிடப் பெரியவை, நேரத்தைக் கூட்டினால் மறையும். ஸ்டாரில் கூடுதல் பட்டைகள் சிறியவை, நேரத்தைக் கூட்டினால் பெருகும். இரவு முழுக்க வைப்பதைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நீர் ஆவியாகி மூடியில் ஒட்டிக்கொள்ள, அடியில் கிளிசரால் செறிவாகும். டிஎன்ஏவைப் பன்மடங்காகப் படியெடுக்கும் பிசிஆர் கருவியில் மூடி சூடாகும், அதில் வைத்தால் இது நேராது.

பிசிஆர் துண்டின் முனையிலேயே வெட்டிடம் இருந்தால் நொதியின் பிடிக்கு இடமிராது. அதனால் பிரைமரில், அதாவது பிசிஆர் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டில், வெட்டிடத்துக்கு வெளியே ஆறு எழுத்தாவது கூடுதலாகச் சேருங்கள். லாம்டா டிஎன்ஏவுக்கும் ஒரு தனிக்குணம்: அதன் இரு முனைகளிலும் 12 எழுத்து ஒட்டும் வால் உண்டு. ஜெல்லில் ஏற்றும் முன் 65 டிகிரியில் 5 நிமிடம் வைத்து உடனே ஐஸில் வைக்காவிட்டால் இரு முனைத்துண்டுகளும் ஒட்டிக்கொண்டு புதுப்பட்டை காட்டும்.

எதற்கெல்லாம்?

முதல் பெரிய பயன், வெட்டி ஒட்டுவது. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஈகோஆர்-1ஐக் கொண்டு பிளாஸ்மிட்டுகளை வெட்டி, வேறு டிஎன்ஏவைச் சேர்த்து, ஈ.கோலைக்குள் பெருக்கிக் காட்டினார்கள். 1978இல் ஈ.கோலையில் மனித இன்சுலின் உருவாக்கப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. வெட்டி ஒட்டிய டிஎன்ஏவை உயிருள்ள கிருமிக்குள் செலுத்தும் ஆய்வுகளுக்கு, சிங்கப்பூரில் 1999இல் அமைக்கப்பட்ட மரபணு மாற்ற ஆலோசனைக் குழு உயிரியல் பாதுகாப்பு வழிகாட்டிகளை வகுத்திருக்கிறது.

நோய் கண்டறிவதில் அரிவாள் செல் சோகை அழகான எடுத்துக்காட்டு. 1952இலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இதன் மரபணு இருப்பது கண்டறியப்பட்டது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஓர் ‘ஏ’ ‘டி’யாக மாறுவதே நோய்க்குக் காரணம். எம்எஸ்டி-2 என்ற நொதியின் வெட்டிடம் அந்த எழுத்தின் மேலேயே இருக்கிறது. நல்ல மரபணுவை வெட்டினால் 1,150 எழுத்துத் துண்டு வரும். மாறிய மரபணுவில் அந்த வெட்டிடம் அழிந்துவிடுவதால் 1,350 எழுத்துத் துண்டு வரும். இரண்டும் வந்தால் அவர் நோயாளி அல்லர், மரபணுவைச் சுமப்பவர். முழு மரபணுவைப் படிக்காமலே ஒற்றை எழுத்து மாற்றத்தை ஒரு நொதி காட்டிக்கொடுக்கிறது.

டிபிஎன்-1 நொதி இதுவரை பார்த்தவற்றுக்கு நேரெதிர், மெத்தில் குறி இருந்தால்தான் வெட்டும். பிசிஆர் மூலம் பிளாஸ்மிட்டில் ஓர் எழுத்தை மாற்றிய பின், பழைய பிளாஸ்மிட் மட்டும் பாக்டீரியாவில் வளர்ந்ததாதலால் குறியோடு இருக்கும். டிபிஎன்-1 அதை மட்டும் நொறுக்கிவிடும். பிஎஸ்ஏ-1 போன்றவை தம் சொல்லுக்கு வெளியே வெட்டுவதால், தொங்கும் நான்கெழுத்தை நாமே தீர்மானிக்கலாம். பல துண்டுகளை ஒரே குழாயில் வரிசைமாறாமல் ஒட்ட அது உதவுகிறது. வெட்டிடமே தேவைப்படாத ஒட்டும் முறைகளும், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையும் வந்த பிறகும், ஒட்டியது சரியா என்று சோதிக்க விரைவான, மலிவான வழி நொதி வெட்டுதான்.

பியூசி19இல் ஈகோஆர்-1, ஹிண்ட்-3 வெட்டிடங்களுக்கு நடுவில் 1,200 எழுத்து மரபணு ஒன்றைச் செருகியதாக வைத்துக்கொள்வோம். இரு வேறு நொதிகளைப் பயன்படுத்துவதால் துண்டு திசைமாறி அமராது, வெறும் பிளாஸ்மிட் தன் வாலைத் தானே பிடித்து மூடிக்கொள்வதும் குறையும். வளர்ந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்து, இரு நொதிகளுக்கும் ஒத்துவரும் பஃபரில் வெட்டி, ஒரு விழுக்காடு அகரோஸ் ஜெல்லில், அதாவது 100 மில்லிலிட்டர் பஃபருக்கு 1 கிராம் அகரோஸ், 100 வோல்ட்டில் முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். டிஎன்ஏ எதிர்மின் தன்மையுள்ளது, நேர்மின் முனையை நோக்கி ஓடும். அதனால் குழிகள் எதிர்மின் முனையான கறுப்பு முனைப் பக்கம் இருக்க வேண்டும். 2,600ஐ ஒட்டி ஒன்று, 1,200இல் ஒன்று என இரண்டு பட்டை வந்தால் மரபணு உள்ளே இருக்கிறது. சிறிய பட்டை மங்கலாகத்தான் தெரியும், ஒளி நீளத்துக்கேற்பக் குறையும். 2,600 மட்டும் வந்தால் வெறும் பிளாஸ்மிட். இரண்டோடு 3,800இல் மூன்றாவது பட்டையும் தெரிந்தால், ஏதோ ஒரு நொதி தன் வேலையை முடிக்கவில்லை. இன்னும் அரைமணி நேரம் 37 டிகிரியில் வைத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.